பேரேரிகளில் இரைமீன் மீட்பு

வட அமெரிக்கப் பேரேரிகளில் ஏரி ட்ரவுட் மீன் தானாகவே இனம்பெருக்கி நிலைபெறும் பொருட்டு, அது உண்டு வாழும் சிறுமீன்களை, சிறப்பாக அந்நீர்நிலைகளுக்கே உரிய சிஸ்கோ இனங்களை, மீண்டும் பெருக்கும் பணி இரைமீன் மீட்பு எனப்படுகிறது. பொரிப்பகத்தில் வளர்த்த ட்ரவுட் குஞ்சுகளை ஆண்டுதோறும் ஏரியில் விடும் பணியோடு இணைந்தது எனினும், அதைவிடக் கடினமானது. தொடங்கப்பட்டதும் மிகப் பிந்தியே.

அளவுமீறிய மீன்பிடிப்பாலும், பெருமீன்களின் உடலில் ஒட்டிக்கொண்டு குருதி உறிஞ்சும் கடல் லாம்ப்ரேயாலும் 1950களின் நடுப்பகுதிக்குள் மிச்சிகன் ஏரியில் ட்ரவுட் அற்றுப்போனது. தன்னை உண்ணும் பெருமீன் இல்லாத நீரில், அட்லாண்டிக் கடலைச் சேர்ந்த ஏல்வைஃப் என்னும் சிறுமீன் கட்டுக்கடங்காமல் பெருகி, 1967இல் கூட்டங்கூட்டமாக இறந்து கரைகளில் குவிந்தது. லாம்ப்ரேயின் இளவுயிரிகளைக் கொல்லும் வேதிப்பொருள் பயன்பாட்டுக்கு வந்தபின், 1965 முதல் அவ்வேரியில் ட்ரவுட் குஞ்சுகளும், 1966இலும் 1967இலும் பசிபிக் கடலுக்குரிய கோஹோ, சினூக் சால்மன்களும் விடப்பட்டன. ஏல்வைஃபைத் தின்று அவை கொழுத்து வளர்ந்தன. தூண்டிலாளர்களுக்கு அது பொற்காலம்.

ஆயினும் ட்ரவுட்டின் வழித்தோன்றல்கள் மிக அரிதாகவே தென்பட்டன. ஏல்வைஃபின் உடலிலுள்ள தயமினேஸ் என்னும் நொதி தயமினை, அதாவது பி1 உயிர்ச்சத்தை, சிதைத்துவிடுவதால், அதையே பெரிதும் உண்ட தாய்மீனின் முட்டைகளில் அச்சத்து குறைந்து, பொரித்த குஞ்சுகள் நிலைதடுமாறி நீந்திச் சில வாரங்களில் மடிந்தன. தப்பிய குஞ்சுகளையும் ஏல்வைஃப் இரையாக்கிக்கொண்டது. பொரிப்பகங்களில் முட்டைகளைத் தயமின் கரைசலில் ஊறவைத்துக் குறையை ஈடுசெய்ய முடிந்ததே தவிர, ஏரியில் இயற்கையாக இடப்படும் முட்டைகளுக்கு அவ்வழி பயன்படவில்லை. 2003-04இல் ஹியூரான் ஏரியில் ஏல்வைஃப் வீழ்ச்சியடைந்ததும், அதையே நம்பியிருந்த சினூக் சரிய, இயற்கையாகப் பிறந்த ட்ரவுட் குஞ்சுகள் பெருகத் தொடங்கியது இவ்விளக்கத்துக்கு வலுவான சான்றாயிற்று. எனவே இரையின் அளவைப் போலவே அதன் தன்மையும் முதன்மையானது.

இந்த அடிப்படையில், ஒன்ராறியோ ஏரியில் 1983க்குப்பின் காணப்படாத ப்ளோட்டர் என்னும் ஆழ்நீர்ச் சிஸ்கோவை மீட்பதற்காக, மிச்சிகன் ஏரியில் கடுங்குளிர்காலத்தில் முட்டை திரட்டி வளர்த்த குஞ்சுகளை விடும் பணி 2012இல் தொடங்கியது. ஹியூரானின் சாகினா விரிகுடாவில் 2018 முதல் சிஸ்கோ குஞ்சுகள் விடப்படுகின்றன. இம்மீன் பின்னிலையுதிர்காலத்தில் முட்டையிட, அவை குளிர்காலம் முழுதும் நீருக்கடியில் கிடந்து பனி உருகும் வேளையில் பொரிக்கின்றன. அந்நாட்களில் குஞ்சுகளுக்குரிய மிதவை உயிரிகள் நீரில் இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து வந்த குவாகா மட்டிகள் நீரை வடிகட்டி அவ்வுணவின் அடித்தளத்தையே குறைத்துவிடுவது பெருந்தடையாக உள்ளது. சிஸ்கோ முற்றிலும் அழியாது எஞ்சிய சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் ட்ரவுட் முழுமையாக மீண்டுவிட்டதாகப் பேரேரிகள் மீன்வள ஆணையம் 2024இல் அறிவித்தது.

மற்ற ஏரிகளில் இலக்குகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. சினூக் தூண்டில் மீன்பிடிப்பு உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு வருவாய் தருகிறது. சினூக்குக்கோ ஏல்வைஃப் வேண்டும். அதனால் மிச்சிகன், ஒன்ராறியோ ஏரிகளின் மேலாளர்கள் விடும் சால்மன் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும், ஏல்வைஃபை அறவே அழியவிடாமல் காத்துக்கொண்டே அதற்கு மாற்றான இரைமீனை வளர்க்க முயல்கின்றனர்.