கியூப்சிடிஎல் நிறுவுதல்

கியூப்சிடிஎல் என்பது குபெர்னெட்டீஸ் கிளஸ்டர்களை நிர்வகிக்கும் கட்டளைவரிக் கருவி. பல கணினிகளில் பரவி ஓடும் கன்டெய்னர்களைத் தொடங்குவது, பெருக்குவது, நிறுத்துவது, அவற்றின் பதிவுகளைப் பார்ப்பது எல்லாம் இதன் வழியாக நடக்கும். கருவி தானாக எதையும் ஓட்டுவதில்லை. கிளஸ்டரின் ஏபிஐ சர்வரிடம் கோரிக்கையைச் சேர்ப்பித்து, வரும் பதிலைத் திரையில் காட்டும்.

கூகுளின் உள்பயன்பாட்டில் இருந்த போர்க் அமைப்பின் அனுபவத்தை வைத்து ஜோ பீடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மெக்லக்கி ஆகியோர் தொடங்கிய குபெர்னெட்டீஸ், 2014 ஜூனில் திறமூலமாக வெளிவந்தது. அப்போது உடன் வந்த கருவி கியூப்சிஎஃப்ஜி. அதே ஆண்டின் பிற்பகுதியில் கியூப்சிடிஎல் உருவாகி அதன் இடத்தைப் பிடித்தது. குபெர்னெட்டீஸின் 1.0 பதிப்பு 2015 ஜூலையில் வந்தது.

கோ மொழியில் எழுதப்பட்ட இந்தக் கருவி ஒற்றைக் கோப்பு. இறக்கி, எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டு, இயக்க அனுமதி கொடுத்து, கட்டளைகள் தேடப்படும் அடைவில் வைத்தால் வேலை முடிந்தது. அந்த ஒப்பீட்டைத் தாண்டிப் போகவே கூடாது. கிளஸ்டர் முழுவதையும் அழிக்கும் அதிகாரம் இந்தக் கோப்பின் வழியாகத்தான் செல்கிறது.

கோப்பு கிடைக்கும் இடம்தான் பெரிதும் மாறியது. லினக்ஸில் இதை நிறுவ உதவும் தொகுப்புகள் நெடுங்காலம் கூகுளின் களஞ்சியத்தில் இருந்தன. 2023 ஆகஸ்டில் குபெர்னெட்டீஸ் சமூகமே பேணும் புதிய களஞ்சியம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே பழையது உறைந்தது, 2024 மார்ச்சில் அகற்றப்பட்டது. ஒரு நிறுவனத்தின் கையிலிருந்து பொதுக் கைக்கு மாறிய நல்ல திருப்பம் இது. ஆனால் புதிய களஞ்சியத்தில் ஒவ்வொரு சிறுபதிப்புக்கும் தனி முகவரி. உபுண்டுவில் 1.30-இலிருந்து 1.31-க்குப் போக தொகுப்பு மேலாளரான ஏபிடியின் களஞ்சியப் பட்டியலில் உள்ள வரியைத் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் கருவி 1.30-இலேயே நின்றுவிடும்.

சர்வருக்கும் கருவிக்கும் ஒரு சிறுபதிப்பு வரைதான் இடைவெளி அனுமதி: சர்வர் 1.30 என்றால் கருவி 1.29, 1.30, 1.31 ஆக இருக்கலாம்.

நிறுவியபின் தேவைப்படுவது கியூப்கான்ஃபிக் கோப்பு. எந்த கிளஸ்டர், எந்தப் பயனர், எந்தச் சான்று என்பதை அது சொல்கிறது. பயனரின் முகப்பு அடைவில் மறைந்திருக்கும் இந்தக் கோப்பில் பல கிளஸ்டர்களைச் சேர்க்கலாம். எனவே சோதனைக்கான கட்டளை நேரடிப் பயன்பாட்டு கிளஸ்டரில் விழும் ஆபத்தும் உண்டு. கட்டளையிடும் முன் நடப்புச் சூழலை, அதாவது இப்போது எந்த கிளஸ்டர் தேர்வாகியுள்ளது என்பதை, கேட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு. கூகுள், அஷ்யூர் கிளவுடுகளில் நுழைவதற்கான நிரல் முன்பு கருவிக்குள்ளேயே இருந்தது. 2022 டிசம்பரில் வந்த 1.26 பதிப்பில் அது நீக்கப்பட்டதால், அவற்றுக்கான துணைக்கருவியையும் இப்போது தனியே நிறுவ வேண்டும்.