உழுதவன் கணக்குப் பார்க்கட்டும்



உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று ஒரு பழமொழி உண்டு. நம்ம சேலம், நாமக்கல் பக்கத்திலே இதைப் பேசாத திண்ணை இல்லை. நொந்துபோன உழவன் சொன்ன சொல் அது. ஆனால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு, "நமக்கெதுக்குங்க எழுத்தும் கணக்கும்?" என்று இருந்துவிட்டால் என்ன ஆகும்? நாம் பார்க்காத கணக்கை வேறொருவர் பார்ப்பார். மிச்சமும் அவர் பக்கமே போய்ச் சேரும். இதற்கு நம்ம பூமியின் இருநூறு வருஷச் சரித்திரமே சாட்சி.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கைப்படி, சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, தரம் பிரித்து, நடுவிலே ஆள் இல்லாமல் குடியானவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை அவர்கள் இந்தச் சீமையில்தான் நடத்திப் பார்த்தார்கள். இடையிலே மிட்டாதார் முறை வந்து குறுக்கிட்டாலும், பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு ரயத்துவாரியே வழக்கமாயிற்று.

நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். ஆமாம், பட்டா குடியானவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் அதை எழுதியவர் யார், வாசித்துச் சொன்னவர் யார்? ஊர்க் கணக்குப்பிள்ளை. எந்த வயலுக்கு என்ன தீர்வை, எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் தெரியும். நேர்மையான கணக்குப்பிள்ளை வாய்த்த ஊர் பிழைத்தது. வாய்க்காத ஊரிலே, மண் நம்முடையது, எழுத்து அவருடையது என்ற கதைதான்.

அதே மன்றோ 1820இல் சென்னை மாகாணக் கவர்னராக வந்தார். 1822இல், மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஜில்லாவிலும் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் கணக்கு முடிந்தது. மொத்தம் 12,498 பள்ளிக்கூடங்கள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள்தான். மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணி பிடித்து, எண்சுவடியை மனப்பாடம் செய்த பள்ளிகள். படித்த பிள்ளைகள் 1,88,650 பேர். அதிலே பெண் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? 4,540தான். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஜில்லாதோறும் தாலுகாதோறும் பள்ளி வைக்கவேண்டும் என்று மன்றோ திட்டம் போட்டார். 1827இல் காலராவில் இறந்துபோனார். அவருக்குப் பின் அந்தத் திட்டம் நிலைக்கவில்லை.

ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு அகலமாகத் திறந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் வந்தது. அரசாங்கம் ஒரு பங்கு போட்டது. ஊரார் ஒரு பங்கு போட்டார்கள். அடுத்து 1958 முதல், கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. இடம் கொடுத்தவர்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள், பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்தவர்கள் எல்லாம் ஊர்க்காரர்களே. தம் பெயரை எழுதத் தெரியாத பெரியவர்கள் எத்தனையோ பேர், பேரப்பிள்ளைகள் எழுதவேண்டும் என்று மனமுவந்து கொடுத்தார்கள்.

அந்த முதலீட்டுக்கு என்ன விளைச்சல் என்று கேட்பீர்கள். நாமக்கல் கோழிப்பண்ணைகளைப் பாருங்கள். 1970களில் வளரத் தொடங்கிய தொழில் இது. 1985இல் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் வந்தன. புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்க எழுத்து வேண்டியதில்லை. பத்தாயிரம் முட்டைக் கோழி வளர்க்க நோட்டுப் புத்தகம் இல்லாமல் முடியாது. குஞ்சு வந்த தேதி, வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்ட தேதி, தீவனத்தில் மக்காச்சோளம் எத்தனை பங்கு, சோயாப் புண்ணாக்கு எத்தனை பங்கு, இன்றைக்கு எத்தனை முட்டை, எத்தனை சாவு, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முட்டைக் கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஒரு கோழிக்கு 5 கிராம் தீவனம் சிந்தி வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாது. பத்தாயிரம் கோழிக்கு நாளைக்கு 50 கிலோ. வருஷத்துக்கு 18,250 கிலோ, பதினெட்டு டன்னுக்கு மேல்! எழுதி வைத்தவர் இதை ஒரு வாரத்திலே கண்டுபிடிப்பார். எழுதாதவருக்குப் பண்ணை ஏன் நஷ்டமாகிறது என்பதே விளங்காது.

கோழி இல்லாதவர்களும் கேளுங்கள். குச்சிக்கிழங்கு போட்டவர்கள் ஆலைக்குக் கொண்டுபோனால், மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? ஒரு பாயிண்டுக்கு டன்னுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து டன் கிழங்கில் ஒரு பாயிண்ட் குறைத்துப் போட்டாலும் 3,000 ரூபாய் போச்சு. எடைச் சீட்டையும் பாயிண்டையும் தானே வாசிக்கிற குடியானவரிடம் அந்தத் தவறு அவ்வளவு லேசில் நடக்காது.

இதிலே இன்னொரு அழகு இருக்கிறது. மதிய உணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். 2010இல் அது வாரத்துக்கு ஐந்தாயிற்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போகும் முட்டைகளில் பெரும்பகுதி நாமக்கல் பக்கத்து முட்டைகள்தான். ஒரு காலத்தில் ஊர் சோறு போட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்தது. படிப்பு வளர்த்த தொழில், இன்றைக்கு வேறு ஊர்ப் பிள்ளைகளின் தட்டிலும் முட்டை வைக்கிறது. ஒருத்தர் படித்தால் ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"படிச்ச பையன் மண்ணிலே இறங்க மாட்டேங்கிறானுங்களே" என்று சில பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். உண்மைதான். சிலர் வெளியூர் போகத்தான் செய்வார்கள். போகட்டும். ஆனால் படிக்கிற காலத்திலேயே வீட்டு வரவு செலவை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். உர மூட்டை என்ன விலை, கூலி எவ்வளவு, விளைந்தது எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். தோட்டத்துக் கணக்குத் தெரிந்த பிள்ளைக்குத் தோட்டம் அந்நியமாகாது.

இப்போது அந்த 4,540 என்ற எண்ணுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். நாமக்கல் மாவட்டத்தில் சுமார் 75, சேலத்தில் சுமார் 73. லாரிக்கும் முட்டைக்கும் பேர்போன சீமை, எழுத்திலே மாநிலத்துக்குப் பின்னால் நின்றது. காரணம் தேடினால், நாமக்கல் மாவட்டத்திலே ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை.

ஆனால் நம் வீடுகளில் மாட்டைக் கட்டிக் கறப்பது யார்? பால் சொசைட்டிக்குக் கொண்டுபோவது யார்? பெரும்பாலும் பெண்கள்தான். பாலில் கொழுப்பு எவ்வளவு, என்ன விலை என்று அட்டையில் போட்டிருப்பதை வாசிக்கத் தெரியாவிட்டால், பழைய பட்டாக் கதைதான் மறுபடியும். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பிறகு சேலத்துக்கும் வந்த மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பாருங்கள். எட்டாவது படித்த ஒரு அம்மணி நோட்டு எழுத முன்வந்தால் போதும், குழுவின் சேமிப்பும் கடனும் எல்லோருக்கும் தெரிகிற கணக்காகிவிடும். அந்த அம்மணியையும் ஏழாவதோடு நிறுத்தியிருந்தால் அந்த நோட்டை யார் எழுதுவார்?

பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவியை 1980இல் அரசு எடுத்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இன்றைக்குப் பட்டாவையும் சிட்டாவையும் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். ஆனால் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் வாசிக்கத் தெரியாதவர், இப்போதும் ஒருத்தரைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆகவே பெருமக்களே, தறிக்கு ஆள் இல்லை, லாரிக்குக் கிளீனர் இல்லை, வீட்டிலே குழந்தை பார்க்க ஆள் இல்லை என்று பிள்ளைகளைப் பாதியிலே நிறுத்தாதீர்கள். 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பிள்ளைகளின் உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த வயதோடும் நிறுத்த வேண்டாம். பையனை அனுப்புகிற அதே பள்ளிக்குப் பெண்ணையும் அனுப்புங்கள். அவர்கள் மாலையில் வீடு திரும்பியதும், அன்றைய பால் அட்டையையும் எடைச் சீட்டையும் நீட்டி, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இனி உழுதவனும் கணக்குப் பார்க்கட்டும், உழுதவளும் பார்க்கட்டும். உழக்கு மிஞ்சினாலும் அது நம் கணக்கிலே மிஞ்சட்டும்.