கை நிற்கும் இடம்: பாரதக் கூத்தும் கணினி விளையாட்டின் இடைக்காட்சியும் (வட சிலாங்கூர்த் தோட்ட மரபை முன்வைத்து ஒரு நோக்கு)

முன்னுரை

கணினி விளையாட்டில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் ஆடுபவரின் கையிலிருந்து கட்டுப்பாடு எடுக்கப்பட்டு, கதை தானே திரையில் நடந்தேறும் பகுதியைக் 'கட்சீன்' என்பர். இக்கட்டுரையில் அஃது இடைக்காட்சி எனக் குறிக்கப்படுகிறது. இத்தகைய காட்சிகளுள் சிலவற்றை இளைஞர்கள் 'எப்பிக்' என்று வியக்கின்றனர். காப்பியம் என்னும் சொல்லுக்கு நெடிய இலக்கண மரபுடைய மொழியைக் கற்பிப்போர் இவ்வழக்கைக் கேட்டு முகம் சுளிப்பது இயல்பே. எனினும், ஓர் இடைக்காட்சி எப்பொழுது காப்பியத் தன்மை பெறுகிறது, எப்பொழுது வெறும் ஆரவாரமாக நின்றுவிடுகிறது என்னும் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கு விடை காண்பதற்குக் கணினித் தொழில்நுட்ப வரலாற்றைக் காட்டிலும் தமிழ்க் கூத்தின் வரலாறு பெரிதும் துணைசெய்யும் என்பதும், அவ்வரலாற்றின் ஒரு கிளை ரவாங், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, கோல சிலாங்கூர் ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் வேர்விட்டது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இடைக்காட்சியின் தோற்றம்

1980இல் வெளிவந்த 'பேக்-மேன்' விளையாட்டில் சில சுற்றுகள் முடிந்ததும் ஒரு சிறு நகைச்சுவைக் காட்சி வரும். துரத்தப்பட்டவன் உருப்பெருத்துத் துரத்துபவனை விரட்டுவான், அவ்வளவே. ஆடுபவர் கையை உதறிக்கொள்வதற்கான ஓய்வு அது. 1988இல் ஜப்பானில் வெளிவந்த 'நிஞ்ஜா கைடன்' கதையைத் தொடர்ச்சியாகக் கூறும் பொருட்டு இக்காட்சிகளை வரிசைப்படுத்தியது. 1997இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7' என்னும் விளையாட்டில் ஏரித் என்னும் பெண் கொல்லப்படும் காட்சி இவ்வகையில் பெரிதும் பேசப்பட்டது. ஆடுபவர் பல மணிநேரம் அவளைத் தம் அணியில் வைத்துப் போரிட்டிருப்பார். அவளுக்குப் படைக்கலம் தேடித் தந்திருப்பார். அவளுடைய ஆற்றலைப் படிப்படியாக வளர்த்திருப்பார். இடைக்காட்சி தொடங்கியதும் கை செயலற்றுப் போகிறது. அவள் இறக்கிறாள். அதன் பின்னர் எத்தனை திறமையாக ஆடினாலும் அவள் மீண்டும் அணிக்குத் திரும்புவதில்லை.

இதற்கு மறுப்பாக அடுத்த ஆண்டே ஒரு விளையாட்டு எழுந்தது. 1998இல் வந்த 'ஹாஃப்-லைஃப்' கட்டுப்பாட்டை ஆடுபவரிடமிருந்து பறிப்பதை இயன்றவரை தவிர்த்து, கதை முழுவதையும் அவருடைய கண்முன்னேயே, அவர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே நிகழ்த்திற்று. மறுமுனையில், 2008இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 4' விளையாட்டின் இறுதிக் காட்சிகள் மட்டுமே ஒரு மணி நேரத்தைக் கடப்பன. ஆடவந்தவர் பார்வையாளராகிக் கொட்டாவி விடும் நிலை அது என்று கூறுவோரும் உளர். இவ்விரு முனைகளுக்கும் இடையிலேயே நம் வினா நிற்கிறது.

பேரளவும் காப்பியத் தன்மையும்

பெருங்காப்பியத்துக்குத் தண்டியலங்காரம் வகுத்த உறுப்புகளை ஆசிரியர்கள் நன்கறிவர். மலை, கடல், நாடு, நகர், பருவம், இருசுடர்த் தோற்றம், மணம், முடிபுனைதல், தூது, போர், வெற்றி என அப்பட்டியல் நீளும். இதனைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய பெரும்பொருட்செலவு விளையாட்டுகளை நோக்கின் அவற்றுள் ஏறக்குறைய எல்லாமே பெருங்காப்பியங்களாகிவிடும். மலையும் கடலும் வரைவதில் அவற்றுக்குக் குறைவில்லை; போருக்கோ பஞ்சமே இல்லை. ஆகவே, பட்டியல் நமக்கு உதவாது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ணும் நிகழ்ச்சி மிகச் சில அடிகளில் முடிந்துவிடுகிறது. கொலை செய்பவன் பெயர்கூடச் சுட்டப்படாத ஒரு காவலன். நூல் அதனை விரித்துரைக்கவில்லை. ஆயினும், புகார் தொடங்கி மதுரை வரை அவ்விருவரோடும் வழிநடந்து வந்த வாசகனுக்கு அச்சில அடிகளே காப்பியத்தின் மையமாகின்றன. நடந்த தொலைவு அங்கே பொருளாகிறது. காட்சியின் நீளமோ அதில் எரியும் நெருப்பின் உயரமோ அன்று.

கூத்துக் களம்

வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களில் திரௌபதி அம்மன் வழிபாடும் தெருக்கூத்தும் பிரிக்கவியலாதவை. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் இரு தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வும், ரிச்சர்டு ஃபிராஸ்கா 1990இல் வெளியிட்ட நூலும் இம்மரபை விரிவாக ஆராய்ந்தன. பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிய பாரதப் பிரசங்கம். இரவில் அதே கதைப்பகுதி கூத்தாக ஆடப்படும். குறிப்பிட்ட சில நாள்களில் கோயில் சடங்கே கதையாகிவிடும். அருச்சுனன் தபசு ஆடுபவர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறி மேலிருந்து எலுமிச்சையும் பூவும் வீசுவார். மகப்பேறு வேண்டுவோர் கீழே முந்தானை ஏந்தி நிற்பர். கதை எது, நேர்த்திக்கடன் எது என்று அங்கே பிரித்துப் பார்க்க முடியாது.

இம்மரபில் துகில் உரிதல் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. இரவு முழுவதும் கட்டியங்காரன் வந்து கேலி பேசி அவையோரைச் சிரிக்கவைத்திருப்பான். அவையோர் எழுந்து போவர், வருவர், தேநீர் குடிப்பர், தமக்குள் பேசிக்கொள்வர். துச்சாதனன் திரௌபதியின் துகிலைப் பற்றும் இடம் நெருங்குகையில் களத்தின் தன்மை மாறிவிடுகிறது. கற்பூரம் ஏற்றப்படும். உட்கார்ந்திருந்தோர் எழுந்து நிற்பர். துச்சாதனனாக ஆடுபவரே அம்மனை வணங்கிப் பொறுத்தருள வேண்டுவதும் உண்டு. அடுத்து வருவது என்ன என்பதைக் கூடியிருக்கும் ஒவ்வொருவரும் அறிவர். அதனைத் தடுக்க எவராலும் இயலாது. தடுக்க இயலாமையை அறிந்தே அங்கு வந்து நிற்கின்றனர். இடைக்காட்சி என்பதன் மிகச் செறிந்த வடிவம் இதுவே என்பது என் கருத்து. கை நிற்கிறது, ஆனால் அதுவரை அக்கை சும்மா இருந்ததில்லை. காப்புக் கட்டி, நோன்பிருந்து, பந்தலுக்குக் கால் நட்டு, வரி கொடுத்து நடத்திய விழா அது. உழைப்பு முன்னே செல்லாத இடத்தில் கை நிற்பதற்கும் பொருள் இல்லை.

வட சிலாங்கூரில்

கோலாலம்பூரிலிருந்து ரவாங்குக்கு 1892இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1894இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைப்பதற்கு மின்னாக்கி நிறுவினர். மலாயாவின் மின்சார வரலாறு அங்குத் தொடங்குவதாகக் கொள்வர். (ஒரு தமிழரின் பங்கோடு மின்விளக்கு வந்த ஊரின் சுற்றுவட்டத் தோட்ட லயங்கள் அதன் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன என்பது வரலாற்றின் முரண்.) மேற்கே கோல சிலாங்கூர்ப் பகுதியில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே தோட்டம் அமைத்தார். பத்தாங் பெர்ஜுந்தையில் தமிழ்ப் பெயர் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930இல் கொன்கூர் பரிசு பெற்றது. தோட்டக்காரர் ஒருவரின் கதை உலகறிந்தது; அவர் தோட்டத்தில் உழைத்தோர் கேட்ட கதைகள் ஏட்டில் ஏறவில்லை.

மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் வந்தோருள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டத்தினர். முற்கூறிய கூத்து நிலத்தின் மக்கள் இப்பட்டியலில் முன்னிற்பது தற்செயலாயினும் நம் பொருளுக்கு முதன்மையானது. எனினும், ஊர்க்கோயிலில் பல நாள் நடந்த பாரதம் தோட்டத்துக்கு அப்படியே வர இயலவில்லை. காரணம் காலம். தோட்டத்தின் நாள் பெரட்டில் தொடங்குகிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்தவருக்கே அன்றைய கூலி. விடிய விடியப் பதினெட்டாம் போர் பார்த்தவர் பால் வெட்டுக்குப் போவது எங்ஙனம்? ஆகவே, தோட்டத்துத் திருவிழா மாரியம்மன் கோயிலைச் சார்ந்து ஓரிரு நாளுக்குள் ஒடுங்கிற்று. தீமிதியும் திரௌபதியைவிட மாரியம்மனோடே மிகுதியும் இணைந்தது. கதை சுருங்கிச் சடங்கு எஞ்சியது எனலாம். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் நிலைமை வேறு. அங்கே தீமிதிக்கு முன்னர் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கும் மேலாகப் பாரத நிகழ்ச்சிகள் வரிசையாகச் சடங்கு வடிவில் நடத்தப்படுகின்றன. நகரக் கோயிலுக்கு வாய்த்த நீண்ட காலம் தோட்டக் கோயிலுக்கு வாய்க்கவில்லை.

எஞ்சியது எவ்வாறு எஞ்சியது என்பதே ஆய்வுக்குரியது. முழுக்கதையும் சொல்ல நேரமில்லாதபோது எந்தக் காட்சியை விடக்கூடாது என மக்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அரிச்சந்திரன் மனைவிமேல் வாளை ஓங்கி நிற்கும் மயான காண்டம், கர்ணனிடம் கண்ணன் தருமத்தை யாசித்துப் பெறும் கட்டம், நல்லதங்காள் பிள்ளைகளோடு கிணற்றடியில் நிற்கும் நேரம் ஆகியவை மேடையிலும் பாட்டிலும் பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் தமிழ் மக்கள் மீண்டும் மீண்டும் நாடியவை. இவற்றில் படைகளோ மாளிகைகளோ முதன்மை பெறவில்லை. ஒவ்வொன்றிலும் ஒருவர் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டு, இனிச் செய்ய ஏதுமற்று நிற்கிறார். கூலிக்கு உழைத்துக் கடனில் நின்ற மக்கள் இவற்றைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் இரவுக் கூட்டங்களுக்கு உகந்ததாக இல்லை. ஊரடங்கும் மறுகுடியமர்த்தமும் தோட்ட வாழ்வை மாற்றின. 1946இல் தோற்றுவிக்கப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு உருவாக்கிய படங்களும், அவற்றோடு ஊர் ஊராகச் சென்ற படவண்டிகளும் தோட்டத் திடல்களில் புதியதொரு திரையை விரித்தன. பின்னர் 'கர்ணன்' (1964) போன்ற படங்கள் கூத்தின் கதைகளைத் திடலுக்கே மீட்டுக் கொணர்ந்தன. ஒரே படக்கருவி கொண்டு காட்டும்போது சுருள் மாற்றுவதற்காகப் படம் நிற்கும். அவ்விடைவெளியில் பெரியவர் ஒருவர் அடுத்து வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். யாரும் அவரைக் கடிவதில்லை. முடிவு தெரிந்துவிட்டால் சுவை கெட்டுவிடும் என்பது காப்பிய மரபுக்கு அயலான கவலை. இன்றைய விளையாட்டுலகில் கதைமுடிவை வெளியிடுவது பெருங்குற்றமாகக் கருதப்படுவதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

புதிய விளையாட்டுகளில் பழைய முறை

இன்று ரவாங் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடுகின்றனர். 2020இல் புனே நகரத்து நிறுவனமொன்று வெளியிட்ட 'ராஜி' என்னும் விளையாட்டில் திருமாலும் துர்க்கையும் தமக்குள் உரையாடியபடி கதை சொல்லிச் செல்கின்றனர். இடைக்காட்சிகள் நிழற்பாவைக் கூத்தின் சாயலில் அமைந்துள்ளன. வடிவில் இது நம் மரபுக்கு மிக நெருங்கியது. ஆயினும், கதை தேவர்களின் வாயிலும் போர் ஆடுபவரின் கையிலுமாகப் பெரும்பாலும் பிரிந்தே நிற்பதால், காட்சிகள் அழகாக இருக்கும் அளவுக்கு அழுத்தம் பெறவில்லை. மாறாக, கனடாவில் ஈழம் அல்லாத தமிழ்நாட்டுக் குடும்பமொன்றின் புலப்பெயர்வைப் பற்றி 2023இல் வெளிவந்த 'வெண்பா' விளையாட்டில் போரே இல்லை. சிதைந்துபோன அம்மாவின் சமையற்குறிப்பேட்டில் விடுபட்டவற்றை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். மகனுக்கும் தாய்க்கும் இடையே மொழி தேய்ந்து வருவதைக் காட்டும் காட்சிகளில் நாம் எதுவும் செய்ய இயலாமல் பார்த்திருக்கிறோம். சமைத்துப் பரிமாறிய கை நம்முடையது. உண்ணாமல் எழுந்து போவதைத் தடுக்க அக்கைக்கு வழியில்லை. காப்பியத் தன்மை இதில்தான் கூடுதல் என்பேன். இட்டிலிக்கும் காப்பியத்துக்கும் என்ன தொடர்பு என்று தண்டியாசிரியர் கேட்கக்கூடும்.

கை மீளும் இடம்

இடைக்காட்சியைப் பற்றிப் பேசுவோர் காட்சியோடு நின்றுவிடுகின்றனர். அது முடிந்த கணத்தில் நிகழ்வதும் அதனோடு சேர்ந்ததே. முற்கூறிய ஏரித் இறந்ததும் ஆடுபவரிடம் கட்டுப்பாடு திரும்புகிறது. உடனே ஒரு போர் தொடங்குகிறது. வழக்கமாகப் போருக்கு ஒலிக்கும் முரசு இசை அப்போது இல்லை. அவளுக்குரிய மெல்லிய இசையே போர் முடியும்வரை தொடர்கிறது. விரல்கள் பழக்கத்தால் இயங்குகின்றன, செவி இன்னும் இறப்பிலேயே இருக்கிறது.

கூத்து மரபு இதனை வேறொரு அளவில் செய்தது. பதினெட்டாம் நாள் படுகளத்தில், மண்ணால் செய்த துரியோதனன் பேருருவம் தரையில் கிடக்க, அதன்மேல் வீமன் தொடை பிளப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். துரியோதனன் தேவியின் ஒப்பாரியில் கூடியிருக்கும் பெண்களும் கலந்து அழுவர். பகைவன் இறப்புக்கும் அங்கே கண்ணீர் உண்டு. அதுவரை மக்கள் பார்த்து நின்றவர்கள். அன்று மாலை காப்புக் கட்டியவர்கள் பூக்குழியில் இறங்குகின்றனர். தோட்டத்தில் பாரதம் சுருங்கியபோதும் இப்பகுதி மட்டும் விடுபடவில்லை. குழிக்கு விறகு அடுக்கியதும், காலையிலிருந்து கங்கு பரப்பியதும், மாலையில் அதன்மேல் நடந்ததும் பால்மரம் வெட்டிய அதே ஆள்களே. நடந்து முடித்துப் பாலில் கால் நனைத்தவர்களுக்கு மறுநாள் விடியுமுன் பெரட்டு இருந்தது.