காற்றும் ஏரி நீரோட்டமும்: கணனி மாதிரியுருவின் வரலாறு

காற்று மேல்நீரைத் தள்ளும் என்பதை வாவிக்கரையில் வாழும் எவரும் அறிவர். ஆயின், தள்ளுண்ட நீர் எங்கே செல்கின்றது, எவ்வாறு திரும்புகின்றது என்னும் வினாக்களுக்கு விடை காண அறிவியல் உலகிற்கு நெடுங்காலம் சென்றது.

1893 முதல் 1896 வரை 'பிராம்' கப்பலில் வடதுருவக் கடலை ஆராய்ந்த நோர்வே அறிஞர் நான்சன், மிதக்கும் பனிக்கட்டி காற்றின் திசையில் நேரே செல்லாது வலப்புறமாக விலகுவதைக் கண்டார். புவிச்சுழற்சியே இதற்குக் காரணமெனச் சுவீடன் நாட்டு எக்மன் 1905 இல் கணித முறையில் விளக்கினார்.

ஏரிகளிலோ கரை என்னும் தடை உண்டு. காற்றுத் தள்ளிய நீர் எதிர்க்கரையில் குவிய, நீர்மட்டம் சாய்கின்றது. அச்சாய்வு நீரைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. இதனால் ஆழங்குறைந்த கரையோரங்களில் ஓட்டம் காற்றோடு செல்ல, ஆழமான பகுதியில் காற்றை எதிர்த்துத் திரும்புகின்றது. இக்குவிவு உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. 1928 இல் வீசிய சூறாவளி புளோரிடாவின் ஒக்கிச்சோபி ஏரியைக் கரைகடக்கச் செய்தபோது 2,500 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஒழுங்கற்ற கரையும் ஆழமும் உடைய ஏரிக்கு இச்சமன்பாடுகளைக் கையால் தீர்த்தல் அரிது. கணனி வந்தபின், ஏரியைச் சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நீரின் வரவு செலவையும் உந்தத்தையும் படிப்படியாகக் கணிக்கும் முறை வளர்ந்தது. 1972 இல் கெட்னியும் லிக்கும் ஈரி ஏரியின் ஓட்டங்களை இவ்வாறு கணித்து வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் ஒன்ராறியோ ஏரியில் தொடங்கிய கூட்டாய்வு, கணிப்பை அளவீட்டோடு ஒப்பிட வழிசெய்தது.

இம்மாதிரியுருக்களை அவ்வாறே இங்கு பெயர்த்து நடுதல் பொருந்தாது. புவிச்சுழற்சியின் விளைவு 42 பாகை அகலக்கோட்டிலுள்ள ஈரி ஏரியை நோக்க, 7 பாகையிலுள்ள நுவரெலியாவில் ஐந்திலொரு பங்கினும் குறைவு. நம் நீர்நிலைகளில் காற்றும் ஆழமும் கரைவடிவுமே ஓட்டத்தை ஆளுகின்றன. பராக்கிரம சமுத்திரத்தை ஆராய்ந்த ஒஸ்திரிய, இலங்கை அறிஞர்கள் 1983 இல் வெளியிட்ட நூலில் நீரின் கலப்பும் ஓட்டமும் தனியே ஆராயப்பட்டமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

இவ்வாராய்ச்சி மலையகத்துக்கும் வேண்டற்பாலது. ராகலைக்கு அயலிலுள்ள நுவரெலியாவின் கிறகரி வாவி நீர், நானுஓயா வழியே கொத்மலை ஓயாவை அடைகின்றது. 1985 இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991 இல் நீலப்பச்சைப் பாசி பெருகியது. இவ்வினத்துட் சில நஞ்சு சுரப்பன. மிதந்து, காற்றுத் தள்ளும் கரையிலே குவிவன. எக்கரையில் குடிநீர் எடுப்பது பாதுகாப்பானது என்பதை ஓட்டமே தீர்மானிக்கின்றது. பள்ளத்தாக்குத்தோறும் காற்று மாறுபடும் நாட்டில் ஒரே நிலையத்தின் அளவீடு போதாது. தேயிலைச் சரிவுகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் இருந்து கழுவுண்டு வரும் மண் தேக்கத்தின் அடித்தளத்தை மாற்றிவருதலால், பழைய ஆழப்படமும் நெடுநாள் உதவாது.

கணனி விரைந்து கணிக்கும். ஆயினும் இடப்பட்ட அளவீட்டின் தரத்தை அது உயர்த்த மாட்டாது. எனவே காற்றையும் ஆழத்தையும் இடந்தோறும் அளந்து வைத்தலே நாம் முதற்கண் ஆற்றவேண்டிய பணியாகும்.