ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை: கைமாறிய உடைமையும் கைமாறாத படிநிலையும்

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், மொனோங்கஹேலா ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர் ஹோம்ஸ்டெட். 1881 முதல் 1986 வரை அங்கு இயங்கிய எஃகு ஆலை, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய எஃகு ஆலைகளுள் ஒன்றாக விளங்கியது. தொழிலாளர் இயக்க வரலாற்றில் அவ்வூரின் பெயர் 1892ஆம் ஆண்டுப் போராட்டத்துக்காக நினைக்கப்படுகிறது. முதலாளித்துவ வரலாற்றில் கார்னகி, மார்கன் ஆகியோரின் பெயர்களோடு சேர்த்துப் பேசப்படுகிறது. இவ்விரு வரலாறுகளிலும் அடிக்குறிப்பாக ஒதுக்கப்பட்டவர்கள் அவ்வாலையின் கறுப்பினத் தொழிலாளர்கள். உரிமையாளர்கள் மாறியபோதெல்லாம் ஆலைக்குள் இருந்த படிநிலைக்கு என்ன நேர்ந்தது என்ற வினாவை முன்வைத்து அந்த நூறாண்டு வரலாற்றை நாம் இங்கே தொகுத்துப் பார்க்கிறோம்.

தொடக்கமும் 1892 போராட்டமும்

கார்னகியின் ஆதிக்கத்துக்குப் போட்டியாகச் சில பிட்ஸ்பர்க் தொழிலதிபர்கள் 1879இல் நிறுவிய நிறுவனமே ஹோம்ஸ்டெட் ஆலையைக் கட்டியது. தொழிலாளர் போராட்டங்களும் சந்தை வீழ்ச்சியும் அவர்களை நெருக்க, 1883இல் ஆண்ட்ரூ கார்னகி ஆலையை விலைக்கு வாங்கினார். ஆற்றுவழிப் போக்குவரத்து, அருகிலிருந்த நிலக்கரி வயல்கள், இருப்புப்பாதை ஆகிய மூன்றும் ஆலையின் வளர்ச்சிக்கு அடித்தளமாயின.

அக்காலத்தில் எஃகு உற்பத்தியின் நுணுக்கம் தேர்ச்சிபெற்ற தொழிலாளரின் கையில் இருந்தது. அவர்களின் அமைப்பாகிய இரும்பு எஃகுத் தொழிலாளர் ஒன்றிணைந்த சங்கம் 1889இல் ஒரு போராட்டத்தில் வென்று, மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றைப் பெற்றது. அவ்வொப்பந்தம் 1892 ஜூன் 30இல் முடிவடைய இருந்த நிலையில், கார்னகி ஸ்காட்லாந்துக்குச் சென்றுவிட்டார். நிர்வாகத் தலைவர் ஹென்றி கிளே ஃபிரிக் ஆலையைச் சுற்றி உயர்ந்த வேலி எழுப்பிக் கதவடைப்புச் செய்தார். ஜூலை 6ஆம் நாள் விடியற்காலை, பிங்கர்ட்டன் நிறுவனத்தின் ஆயுதமேந்திய காவலர் 300 பேர் படகுகளில் ஆற்றின் வழியே கொண்டுவரப்பட்டனர். கரையில் திரண்ட தொழிலாளர்களோடும் ஊராரோடும் நடந்த மோதலில் ஏழு தொழிலாளர்களும் மூன்று காவலர்களும் உயிரிழந்தனர். பிங்கர்ட்டன் படை சரணடைந்தது. ஆனால் மாநில ஆளுநர் அனுப்பிய 8,000க்கும் மேற்பட்ட படையினர் ஊரைக் கைப்பற்றினர். நவம்பரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

ஆலையில் வேலை செய்த சுமார் 3,800 பேரில் சங்க உறுப்பினர்கள் 800 பேருக்கு மேல் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தேர்ச்சிபெறாத கூலிகள். சங்கத்தில் இடமில்லாத அவர்களும் போராட்டத்தில் உறுதியுடன் நின்றனர். கறுப்பினத்தவருக்குச் சங்கம் 1881இல் விதியளவில் கதவைத் திறந்தது. பெரும்பாலான கிளைகள் நடைமுறையில் அதை மூடியே வைத்திருந்தன. கதவடைப்பின்போது நிர்வாகம் வெளியிலிருந்து கொண்டுவந்த ஆட்களுள் கறுப்பினத்தவரும் இருந்தனர். அவர்கள்மீது ஊரில் எழுந்த வெறுப்பு போராட்டம் முடிந்த பின்னும் தணியவில்லை.

மார்கனின் கைக்கு

1901இல் கார்னகி தம் நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு ஜே.பி. மார்கனிடம் விற்றார். மார்கன் பல நிறுவனங்களை இணைத்து உருவாக்கிய யு.எஸ். ஸ்டீல், உலகின் முதல் நூறு கோடி டாலர் நிறுவனம் எனப் பெயர்பெற்றது. ஹோம்ஸ்டெட் தொழிலாளருக்குக் கிடைத்த மாற்றம் சொற்பம். 12 மணிநேர வேலைநாள் 1923 வரை நீடித்தது. 1906 ஜூலை முதல் ஓராண்டுக் காலத்தில் பிட்ஸ்பர்க்கை உள்ளடக்கிய அலகெனி மாவட்டத்தில் மட்டும் 526 பேர் பணியிட விபத்துகளில் இறந்ததைக் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் தம் ஆய்வில் பதிவு செய்தார்.

முதல் உலகப் போர் ஐரோப்பியக் குடியேற்றத்தைத் தடுத்தபோது, தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினத்தவர் பெருந்திரளாக வடக்கே வந்தனர். ஆலைகளின் கதவு அவர்களுக்குத் திறந்தது; ஆனால் எந்தக் கதவு என்பதே வினா. வெப்பம் மிகுந்த ஊதுலைப் பகுதி, பொதுக்கூலி, பாரம் தூக்குதல் போன்ற பிரிவுகளில் அவர்கள் குவிக்கப்பட்டனர். இயந்திரத் தேர்ச்சிப் பணிகளும் மேற்பார்வைப் பதவிகளும் வெள்ளையருக்கென ஒதுங்கி நின்றன.

1919இல் நாடு தழுவிய எஃகு வேலைநிறுத்தம் வெடித்தபோது சுமார் 3,50,000 பேர் பங்கேற்றனர். அதை முறியடிக்க நிறுவனங்கள் 30,000க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரை வேலைக்கு அமர்த்தின என மதிப்பிடப்படுகிறது. அவர்களைக் கருங்காலிகள் என ஏசிய சங்கங்களிற் பலவும் அதுவரை அவர்களை உறுப்பினராக ஏற்க மறுத்தவையே.

இந்த முரண் நமக்குப் புதிதன்று. 1928ஆம் ஆண்டு பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமளிக்க வேண்டுமென்ற கோரிக்கையை அம்பேத்கர் எழுப்பினார். கூலி அதிகமான அப்பிரிவில், அறுந்த இழையை எச்சிலால் நனைத்து ஒட்ட வேண்டியிருந்ததால், தீட்டைக் காரணம் காட்டி அவர்கள் விலக்கப்பட்டிருந்தனர். போராட்டத்துக்கு அழைக்கும் சங்கம், வெற்றியின் பயனையும் பகிரக் கடமைப்பட்டது என்பதே அவர் வாதத்தின் சாரம். ஹோம்ஸ்டெட்டில் நிறமும் பம்பாயில் சாதியும் வெவ்வேறு வழிகளில் தோன்றியவை. எனினும் தொழிலாளருக்குள் நிலவிய பிரிவினையை முதலாளி பயன்படுத்திக்கொண்ட விதம் ஒன்றே.

அரசின் கையும் ஆற்றங்கரைக் குடியிருப்பும்

1937இல் யு.எஸ். ஸ்டீல் முதன்முறையாகத் தொழிற்சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் செய்தது. புதிய சங்கம் நிறவேறுபாடின்றி உறுப்பினர்களைச் சேர்த்தது ஒரு பெரிய முன்னேற்றம்.

1941இல் ஆலையின் வரலாற்றில் அரசு நேரடியாக நுழைந்தது. போர்த் தேவைக்காக ஆலையை விரிவாக்க, இருப்புப்பாதைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட கீழ்ப்பகுதிக் குடியிருப்பு முழுவதும் கையகப்படுத்தப்பட்டது. புலம்பெயர்ந்தோரும் கறுப்பினத்தவரும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. வீடுகள், கடைகள், தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 பேர் வாழ்ந்த ஊரில் சுமார் 8,000 பேர் இடம்பெயர்ந்தனர். வீட்டுச் சந்தையே நிறத்தால் பிரிந்து கிடந்த காலத்தில், வெள்ளையருக்குக் கிடைத்த மாற்றிடம் கறுப்பினத்தவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. அரசுப் பணத்தில் எழுந்த புதிய உலைகளும் உருட்டாலைகளும் போருக்குப் பின் யு.எஸ். ஸ்டீலுக்கே விற்கப்பட்டன.

பணிமூப்பு என்னும் சுவர்

சங்கத்தின் கதவு திறந்த பின்னும் படிநிலை எவ்வாறு நீடித்தது? அதற்கான விடை பணிமூப்பு விதியில் இருக்கிறது. பதவி உயர்வும் ஆட்குறைப்பும் துறைவாரிப் பணிமூப்பின்படி நடந்தன. ஒருவர் ஒரு துறையில் இருபது ஆண்டுகள் உழைத்திருந்தாலும், வேறு துறைக்கு மாறினால் அந்த இருபது ஆண்டுகளும் கணக்கில் வாரா. புதியவராக அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேற வேண்டும். கறுப்பினத்தவரை முதலில் ஊதுலைப் பிரிவில் அமர்த்திவிட்டால் போதும். பின்னர் அவர்களை அங்கேயே நிறுத்திவைக்க எவரும் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அனைவருக்கும் பொதுவாகத் தோன்றிய விதியே அந்த வேலையைச் செய்தது.

1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டமும், அதன் அடிப்படையில் தொழிலாளர்கள் தொடுத்த வழக்குகளும் இச்சுவரை அசைத்தன. 1974 ஏப்ரலில் ஒன்பது எஃகு நிறுவனங்களும் தொழிற்சங்கமும் அமெரிக்க அரசுடன் இசைவுத் தீர்ப்பாணைக்கு உடன்பட்டன. ஆலை முழுமைக்குமான பணிமூப்பு நடைமுறைக்கு வந்தது. தேர்ச்சிப் பணிகளில் சிறுபான்மையினரையும் பெண்களையும் சேர்க்க இலக்குகள் வகுக்கப்பட்டன. சுமார் 40,000 பேருக்கு 3 கோடியே 9 லட்சம் டாலர் நிலுவை ஊதியம் ஒதுக்கப்பட்டது. சராசரியாகக் கணக்கிட்டால் ஒருவருக்கு 800 டாலருக்கும் குறைவு. அதைப் பெறுபவர், பழைய பாகுபாட்டுக்காக வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

மூடிய ஆலை, எழுந்த அங்காடி

தீர்ப்பாணையின் பயன் முழுமையாகக் கைக்கு வரும் முன்பே ஆட்குறைப்பு தொடங்கியது. யு.எஸ். ஸ்டீல் பழைய ஆலைகளைப் புதுப்பிப்பதற்கு மாறாக 1982இல் சுமார் 600 கோடி டாலருக்கு மாரத்தான் எண்ணெய் நிறுவனத்தை வாங்கியது. 1986 ஜூலையில் ஹோம்ஸ்டெட் ஆலை மூடப்பட்டது. கடைசியாக வந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதிப்படி, புதிதாக நுழைந்த பெண்களும் இளைய கறுப்பினத்தவரும் அதற்கு முன்னரே வெளியேறியிருந்தனர்.

நிலம் 1988இல் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ஆலை இடிக்கப்பட்டது. 1999இல் அவ்விடத்தில் ஒரு வணிக வளாகம் திறக்கப்பட்டது. 12 புகைபோக்கிகள் மட்டும் நினைவுச்சின்னமாக நிற்கின்றன. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 3,000க்கும் குறைவு. யு.எஸ். ஸ்டீல் நிறுவனமோ 2025 ஜூனில் ஜப்பானின் நிப்பான் ஸ்டீலுக்குக் கைமாறியது.

நமக்கான வினாக்கள்

இந்தியாவில் 2021இல் விசாகப்பட்டினம் எஃகு ஆலையைத் தனியாருக்கு விற்க ஒன்றிய அரசு கொள்கை முடிவெடுத்தது. எதிர்ப்பாளர்கள் எழுப்பிய கேள்விகளுள் இடஒதுக்கீடும் ஒன்று. பொதுத்துறையில் சட்டப்படி கிடைக்கும் ஒதுக்கீடு, ஆலை தனியார் உடைமையானதும் கட்டாயமாக நீடிப்பதில்லை.

ஆகவே ஓர் ஆலையின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் உரிமையாளர் பட்டியலோடு நின்றுவிடலாகாது. எந்தச் சமூகத்தவர் எந்தப் பிரிவில் அமர்த்தப்பட்டனர்? துறை மாறும் உரிமை அவர்களுக்கு இருந்ததா? கையகப்படுத்தப்பட்ட நிலத்தில் குடியிருந்தவர் யார்? ஒப்பந்தக் கூலிகளைச் சங்கம் உறுப்பினராக ஏற்றதா? பணிப்பதிவேடுகளையும் சங்கக் கூட்டக் குறிப்புகளையும் நில ஆவணங்களையும் புரட்டினால் இவற்றுக்கு விடை கிடைக்கும். ஓய்வுபெற்ற தொழிலாளர்களிடம் உரையாடி அவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வதும் அவசியம். விற்பனை அறிவிப்பு வந்த பின் தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். ஆலை இயங்கும்போதே அப்பணியை மேற்கொள்ள வேண்டும்.