ஒரு ஸ்லைடின் கடைசி வரி

வணிக அவைகளில் பேச எழுவோருக்கு மூன்று அறிவுரைகள் தவறாமல் வழங்கப்படுகின்றன. நிமிர்ந்து நில்; பொருளைச் செறிவாகச் சொல்; ஸ்லைடுகளை எளிமையாக அமை. மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் ஒரே காலத்தில் பிறந்தவை போலத் தோன்றுகின்றன. உண்மையில் முதலாவது ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. கடைசியோ பெரிதும் கணினி யுகத்தின் குழந்தை. இடையில் நிற்கும் 'பொருள்' இவ்விரண்டுக்கும் நடுவே எவ்வாறு நசுங்கியது என்பதையே இங்கு நாம் காண விரும்புகிறோம்.

உடலிலிருந்து தொடங்குவோம். பேச்சுக்கலையில் முதன்மையானது எது என்று கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸைக் கேட்டபோது, 'நிகழ்த்தும் முறை' என்றாராம். இரண்டாவது எது, மூன்றாவது எது என்று கேட்டபோதும் அதே விடைதான். இக்கதையைச் சிசரோ பதிவு செய்திருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய குவின்டிலியன், கையசைவு, பார்வை தொடங்கி மேலாடையின் மடிப்பு வரை விதி வகுத்தார். நம் வாசகர்களுக்கு மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வரக்கூடும். ஆனால் தொல்காப்பியம் அங்கே பேசுவது செய்யுளில் புலப்படும் உணர்வைப் பற்றியே அன்றி மேடையில் நிற்பவனுக்கான பயிற்சியைப் பற்றி அன்று. 'இதெல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று சொல்ல அவசரப்பட வேண்டியதில்லை.

இம்மரபின் உச்சம் என்று 1806-இல் லண்டனில் வெளியான 'கைரோனோமியா' என்னும் நூலைச் சொல்லலாம். எழுதியவர் கில்பர்ட் ஆஸ்டின் என்னும் அயர்லாந்துப் பாதிரியார். பேச்சாளரை ஒரு கற்பனைக் கோளத்தின் நடுவே நிறுத்தி, கை எத்திசையில் எவ்வளவு உயர வேண்டும், எந்தக் கால் முன்னே வர வேண்டும் என்பவற்றையெல்லாம் எழுத்துக் குறியீடுகளாக்கினார் அவர். பேச்சின் வரிக்கு மேலே கைக்கான குறிப்பு, கீழே காலுக்கான குறிப்பு. பாட்டுக்கு ஸ்வரம் எழுதுவது போல உடலுக்கும் எழுதிவிடலாம் என்று அவர் நம்பினார்.

1912-இல் நியூயார்க்கின் ஒய்.எம்.சி.ஏ. ஒன்றில் மாலை வகுப்பு தொடங்கிய டேல் கார்னகி இந்த நம்பிக்கையைக் கைவிட்டவர். அவர் நடிப்புப் பயின்றவர், விற்பனையாளராகவும் அலைந்தவர். அவரிடம் வந்தவர்கள் பகலில் வேலைபார்த்துக் களைத்த எழுத்தர்களும் வணிகர்களும். பாடம் பண்ணிய கையசைவுகளை அவர் ஏளனம் செய்தார். உனக்கு நன்கு தெரிந்ததை, நீ சொல்லியே ஆகவேண்டும் என்று துடிப்பதைப் பேசு, கை தானே அசையும் என்பது அவர் பாடத்தின் சாரம். அதாவது பொருள் சரியாக இருந்தால் உடல் பின்தொடரும். இந்த வரிசை நமக்கு உடன்பாடே.

அதன்பின் வந்தவர்கள் வரிசையைத் திரும்பவும் தலைகீழாக்கினார்கள். கேட்பவர் மனத்தில் பதிவதில் சொல்லின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38, முகமும் உடலும் 55 என்னும் கணக்கைக் கேட்காமல் ஒரு பயிலரங்கிலிருந்து வெளிவருவது கடினம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிறந்த எண்கள் இவை. ஒற்றைச் சொல்லின் பொருளும் அதைச் சொல்லும் தொனியும் முகக்குறிப்பும் முரண்படும்போது, பேசுபவரின் விருப்பு வெறுப்பை நாம் எதைக்கொண்டு அறிகிறோம் என்பதே அங்கு எழுந்த கேள்வி. ஆண்டறிக்கை வாசிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மெஹ்ராபியனே இதைத் தெளிவுபடுத்தியும் அந்த எண்கள் ஓயவில்லை.

2010-இல் டேனா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் ஆகியோர் 42 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, கைகால்களை விரித்துச் சற்று நேரம் நின்றால் உடலின் சுரப்புகளே மாறித் துணிவு பிறக்கும் என்றார்கள். 2012-இல் கடி ஆற்றிய 'டெட்' உரை உலகெங்கும் பரவியது. 2015-இல் 200 பேரை வைத்து வேறொரு குழு சோதித்தபோது சுரப்பு மாற்றம் தென்படவில்லை. வலிமையாக உணர்வதாக அவர்கள் சொன்னது மட்டுமே எஞ்சியது. 2016-இல் கார்னி அவ்விளைவை நம்பவில்லை என்று வெளிப்படையாக எழுதினார்.

இனித் திரைக்கு வருவோம். நம் கல்லூரிகளில் ஓ.எச்.பி. என்று அறியப்பட்ட கருவிக்குரிய ஒளிபுகு தாள்களைத் தயாரிப்பது ஒருகாலத்தில் தட்டச்சரையும் ஓவியரையும் நம்பிய வேலை. பேசுபவரே அதைச் செய்துகொள்ளட்டும் என்று எண்ணிய ராபர்ட் காஸ்கின்ஸும், நிரலை எழுதிய டென்னிஸ் ஆஸ்டின், தாமஸ் ரட்கின் ஆகியோரும் 1987-இல் மெக்கின்டாஷ் கணினிக்காகப் பவர்பாயிண்டை வெளியிட்டனர். (இங்கும் ஓர் ஆஸ்டின்! பாதிரியாருக்கு உறவினர் என்று யாரும் சொல்லவில்லை.) அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு அந்நிறுவனத்தை வாங்கியது. 1990-களின் நடுவில், என்ன பேசுவது என்பதற்கும் வார்ப்புரு தரும் 'ஆட்டோகன்டென்ட் விஸார்ட்' சேர்ந்தது. திட்டம் பரிந்துரைக்க ஒன்று, கெட்ட செய்தி சொல்ல ஒன்று. 2007 பதிப்பில் அது நீக்கப்பட்டது. ஆனால் எண்ணத்தைப் புள்ளியிட்ட துண்டுகளாக நறுக்கும் பழக்கம் அதற்குள் அலுவலகங்களில் ஊறிவிட்டது.

அப்பழக்கத்தின் விலை என்ன என்பதை 2003 ஜனவரி காட்டியது. 16-ஆம் தேதி கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டு 82 விநாடிகள் ஆனபோது, வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டொன்று இடது இறக்கையில் மோதியது. உள்ளே எழுவர். கல்பனா சாவ்லாவும் அவர்களுள் ஒருவர். 1997-இல் அவர் முதன்முறை பறந்ததும் இதே ஓடத்தில்தான். ஓடம் வானில் இருக்கையிலேயே, மோதலின் தாக்கத்தைப் பொறியாளர்கள் கணித்து ஸ்லைடுகளாக நாசாவிடம் வைத்தார்கள்.

அவற்றுள் ஒன்றைப் பிற்பாடு எட்வர்ட் டஃப்டி வரிவரியாகப் பகுத்தார். தலைப்பு, சோதனைத் தரவுகள் எச்சரிக்கையான பக்கத்திலேயே இருக்கின்றன என்னும் ஆறுதலைத் தருகிறது. அதன் கீழே புள்ளிக்குள் புள்ளியாக இறங்கும் படிநிலைகள். 'குறிப்பிடத்தக்க' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் ஐந்து முறை வருகிறது. எந்த அளவுக்குக் குறிப்பிடத்தக்கது என்று ஓரிடத்திலும் இல்லை. கன அங்குலம் என்னும் அலகைக்கூட மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், கடைசி வரியில் கிடக்கிறது உண்மை: சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணித்த துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு! கையிலிருந்த தரவு இந்நிகழ்வுக்குப் பொருந்தாது என்பதே அதன் பொருள். தலைப்பாக வேண்டிய செய்தி வாலாகக் கிடந்தது.

ஸ்லைடுதான் எழுவரைக் கொன்றது என்று நாம் சொல்லவில்லை. அந்த ஸ்லைடு பேசியது ஓடுகளைப் பற்றி. உடைந்ததோ இறக்கையின் முன்விளிம்பில் இருந்த கரிமத் தகடு. படமெடுத்துப் பார்க்கலாம் என்ற பொறியாளர்களின் வேண்டுகோளும் நிர்வாகத்தில் தேங்கிப்போனது. பிப்ரவரி 1-ஆம் தேதி ஓடம் திரும்பும் வழியில் சிதறியது. ஆனால் ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை டஃப்டியின் பகுப்பாய்வுக்குத் தனி இடம் ஒதுக்கியது. இந்த ஸ்லைடைப் படிக்கும் மூத்த அதிகாரி, உயிருக்கு ஆபத்தான நிலையைப் பற்றிப் படிக்கிறோம் என்பதை உணராமல் போவது இயல்பே என்றும் அது கருதியது. அந்த அறையில் பேசியவர் எவ்வளவு நிமிர்ந்து நின்றிருந்தாலும் அந்தக் கடைசி வரி மேலே வந்திருக்காது.

மறு ஆண்டு, 2004 ஜூனில், அமேசானின் ஜெஃப் பெசோஸ் தம் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்டைத் தடை செய்தார். எது பெரிது, எது சிறிது, எதற்கும் எதற்கும் தொடர்பு என்பவற்றை மழுப்பிவிட்டுப் போகப் புள்ளிவரிகள் இடம் தருகின்றன என்பது அவர் சொன்ன காரணம். பதிலாக முழு வாக்கியங்களில், பத்தி பத்தியாக எழுதிய குறிப்பு வேண்டும். நாளடைவில் அது ஆறு பக்கம் என்று நிலைத்தது. கூட்டம் தொடங்கியதும் யாரும் எழுந்து பேசுவதில்லை. எல்லாரும் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகளைப் போல, முதலில் அதை மௌனமாகப் படித்து முடித்தார்கள்.