மறுகரை காணாத நீச்சல் மங்கை

வடமராட்சிக் கடலோரத்தை அறிந்த நேயர்களுக்கு நீச்சல் வீரரின் புகழ் புதிதன்று. 1954ஆம் ஆண்டில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் அதனைக் கடந்ததோடு அமையாது, நீந்தியே மீண்டும் வந்தார். 1984ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அவர் உயிர்நீத்தார்.

அதே கால்வாயில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மும்முறை இறங்கி, மும்முறையும் மறுகரை காணாது திரும்பிய பெண்ணொருவர் உண்டு. அனெற் கெல்லர்மன் என்பது அவர் பெயர். கால்வாயைக் கடந்தவர் பலரை மறந்துவிட்ட உலகம், கடவாத இவரை மறக்கவில்லை. அதற்குக் காரணம் யாது?

அவர் 1886ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் இசை வல்லுநர். இளம் பருவத்திலேயே கால் எலும்புகள் வலுவிழந்தமையால், இரும்புச் சட்டங்களைப் பூட்டிக்கொண்டே அவர் நடக்க நேர்ந்தது. கால்கள் உறுதிபெறும் பொருட்டு அவரை நீச்சல் பயில விட்டனர். ஆகவே தண்ணீர் அவருக்கு விளையாட்டாக வரவில்லை, மருந்தாகவே வந்தது. ஆண்டுகள் சில சென்றபின் கால்கள் சீராயின. 1902ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சற் போட்டியில் நூறு யார் தூரத்திலும் ஒரு மைல் தூரத்திலும் அவரே முதல்வரானார்.

1905ஆம் ஆண்டில் தந்தையாருடன் இங்கிலாந்து சென்று, தேம்ஸ் ஆற்றில் நெடுந்தூரம் நீந்தி இலண்டன் மக்களை வியக்க வைத்தார். பின்னர்க் கால்வாயில் இறங்கினார். ஒருமுறை பத்து மணி நேரத்துக்கு மேலாகக் குளிரோடும் நீரோட்டத்தோடும் போராடியும் பயன் கிட்டவில்லை. கால்வாயைக் கடந்த முதற் பெண்ணாக அமெரிக்காவின் கேர்ட்றூட் எடர்லி விளங்கியது 1926ஆம் ஆண்டிலேயாம்.

அக்காலத்தில் மேலைநாட்டுப் பெண்கள் முழுப் பாவாடையும் காலுறையும் அணிந்தே கடலில் இறங்குவர். நனைந்த துணியின் பாரம் அவர்களைக் கரையோரத்திலேயே கட்டிப்போட்டது. கெல்லர்மன் உடலோடு ஒட்டிய ஒற்றை உடையை அணிந்து நீந்தினார். அதன் பொருட்டு 1907ஆம் ஆண்டில் பொஸ்டன் நகருக்கு அணித்தான கடற்கரையில் தாம் கைது செய்யப்பட்டதாக அவர் பிற்காலத்திற் கூறினார். அது நிகழ்ந்ததோ என ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். ஆயினும் நீந்துவதற்கேற்ற உடை பெண்ணுக்கு வேண்டும் என்ற வழக்கை ஊரறிய எடுத்துரைத்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் விழாவிலே பெண்களுக்கு முதன்முறையாக நீச்சற் போட்டி நடைபெற்றது. அதில் நூறு மீற்றர் தூரத்தை வென்ற பனி டூரக் என்பாரும் சிட்னி நகரத்தவரே.

போட்டிக் களத்திலிருந்து கெல்லர்மன் மேடைக்கும், மேடையிலிருந்து பேசாத் திரைப்படத்துக்கும் சென்றார். 1914ஆம் ஆண்டில் 'நெப்டியூனின் மகள்', 1916ஆம் ஆண்டில் 'தெய்வங்களின் மகள்' என்னும் படங்கள் வெளிவந்தன. உயரத்திலிருந்து கடலிற் பாயும் அருஞ்செயல்களை அவர் தாமே செய்தார். பெரும்பொருட் செலவிற் பேசப்பட்ட அந்த இரண்டாவது படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. திரையில் வாங்கிய புகழ் திரைச்சுருளோடு அழிந்தது.

அழியாது நின்றது எழுத்து. 1918ஆம் ஆண்டில் நீந்தும் முறையைப் பற்றி ஒரு நூலும், உடல்நலம் பேணுதல் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1926ஆம் ஆண்டில் தென்கடற் கதைகளைச் சிறுவர்க்கென எழுதினார். நீச்சல் நூலில் அவர் தம் வெற்றிகளைச் சொல்வதோடு நின்றாரல்லர். அச்சத்தை நீக்குதல், மூச்சை ஆளுதல், கையையும் காலையும் இயக்குதல் என்று படிப்படியாகக் கற்பித்தார். காலில் இரும்பு சுமந்த குழந்தை நீந்த முடிந்ததாயின் எவரும் நீந்தலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாயிற்று.

இச்செய்தி நமக்கு அயலதன்று. உரும்பிராய் போன்ற செம்மண் ஊர்களில் நீர் என்றாற் கிணறு. அதனை இறைக்க அறிந்தோம், அதில் மிதக்க அறிந்தோர் சிலரே. கீரிமலையிற் பெண்களுக்கெனத் தனிக் கேணி உண்டு. எனினும் பாய்ந்து நீந்துவது பையன்களின் உரிமை போலவும், கரையில் நின்று முழுகுவது பெண்களின் முறை போலவும் நெடுங்காலம் கருதி வந்தோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது இவ்வழக்கத்தின் விலை தெரிந்தது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கரையோர ஊர்கள் பலவற்றில் இறந்தோருள் ஆண்களினும் பெண்களே மிகுதி. பிள்ளைகளைத் தேடி நின்றமையும், வீட்டோடு இருந்தமையும், சேலை கால்களைச் சுற்றியமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. நீந்தத் தெரியாமையும் அவற்றுள் ஒன்று. ஆண்பிள்ளைகள் விளையாட்டாகப் பயின்ற கலை அன்று உயிர் காத்தது. பெண்பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்க எவரும் எண்ணியதில்லை.

கெல்லர்மன் 1975ஆம் ஆண்டில் தாய்நாட்டிலேயே காலமானார். அவரது சாம்பல் பெரும் பவளத்திட்டுக் கடலிலே தூவப்பட்டது. கால்வாயைக் கடப்பது ஒருவரின் ஆற்றல். நீந்தக் கற்பிப்பது பல்லாயிரவர்க்குக் கரை காட்டுவது. மறுகரை காணாதவரை உலகம் மறவாமைக்கு அதுவே காரணம். நம் பெண்மக்களுக்கும் அக்கரையைக் காட்டுவது பெற்றோர் கடன், பள்ளிக்கூடங்களின் கடனுமாகும்.